முதல் முழுக்கும் ஒரு குப்பி ரத்தமும்

1. உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவி எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட்டது. ரத்தம் நிறையப் போய்விட்டது.

2. ஆபரேஷன் செய்துதான் அதை எடுக்க வேண்டும். ரத்தம் ஏற்றாமல் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

3. அவளுடைய ரத்தம் ஓ நெகட்டிவ். கணவர், தம்பிமார், கூட வந்தவர்கள் யாருடையதும் சேரவில்லை.

4. தூத்துக்குடியில் அந்தப் பிரிவு ரத்தம் உள்ள ஒரே ஒருவரை எனக்குத் தெரியும். அவர் சங்கு குளிப்பவர், கடலில் முழுகிச் சங்கு எடுப்பவர்.

5. அந்த ஆண்டின் சங்கு குளிப்பு தொடங்க இடையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. முதல் நாள் முழுகி எடுப்பது எல்லாம் மாதா கோயிலுக்கு என்பது அவருடைய நேர்ச்சை.

6. ரத்தம் கொடுத்தவர் உடனே கடலில் முழுகக் கூடாது.

7. இவ்வளவும் அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் வந்தார்.

எதையும் வரிசை போட்டு எழுதினால்தான் எனக்குப் பிடிபடும். லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தபோது வந்த பழக்கம். முதலில் எது, அடுத்து எது என்று தவறாமல் செய்தால்தான் சோதனைக் குழாய் உண்மையைச் சொல்லும். ஆனால் மேலே எழுதிய ஏழையும் எத்தனை தடவை படித்துப் பார்த்தாலும், ஏழாவதில் இருக்கும் "அவர் வந்தார்" என்பதற்கு அதற்கு முந்தைய ஆறில் காரணம் இல்லை.

எங்கள் குடும்பம் நாசரேத் ஊர்ப் பக்கம், புராட்டஸ்டண்ட் சபை. அப்பாவும் அம்மாவும் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர்கள். எங்கள் வீட்டில் கர்த்தருக்குக் கொடுப்பது ஓர் ஒழுங்கோடு நடக்கும். மாதம் பிறந்ததும் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு தனியாகப் போய்விடும். அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துக் காணிக்கைப் பானையில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவாள். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாட்களிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. நான் அதைப் பார்த்து வளர்ந்தவள். இன்றும் அப்படித்தான் கொடுக்கிறேன், அதில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. ஒருவர் தன்னிடம் இருப்பதைப் பிரிக்காமல் அப்படியே கொடுப்பதை மட்டும் நான் அதுவரை பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

அவருடைய ரத்தப் பிரிவு எனக்குத் தெரிந்திருந்ததற்குக் காரணம் முந்தைய வருடம் நடந்த ஒரு குடலிறக்க ஆபரேஷன். அவருடைய மாமனாருக்கு. ரத்தம் தேவைப்படலாம் என்று சொன்னதும் அந்தத் தெருவே லேப் வாசலில் வந்து நின்றது. அத்தனை பேருக்கும் விரலில் குத்திப் பார்த்தேன். ஒரே ஒருவருடைய துளி மட்டும் கண்ணாடிச் சில்லில் எந்த மருந்துக்கும் திரியாமல் சிவப்பாக அப்படியே கிடந்தது. அப்படி ஒன்றை அதற்கு முன்பு நான் பாடப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். அதனால் ஆளை மறக்கவில்லை.

டாக்டரம்மா கேட்டதும் ஆஸ்பத்திரி வண்டியில் கிளம்பினேன். பொழுது சாய்கிற நேரம். பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடலை ஒட்டிய தெரு. அவர் வீட்டில் இல்லை. கீழவைப்பாரில் பழுதுபார்க்க விட்டிருந்த வள்ளத்தைக் கொண்டுவரப் போயிருந்தார். விடியும்போது வந்துவிடுவார் என்றார் அவருடைய மனைவி. சங்கு போட்டுக் கொண்டுவரும் வலைப்பையை மடியில் போட்டு, கிழிந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தார்.

"வாங்க நர்சம்மா. இங்கன உக்காருங்க."

"நான் நர்ஸ் இல்லக்கா. லேப்."

"ஊசி வச்சிருக்கவுக எல்லாரும் எங்களுக்கு நர்சம்மாதான். என்ன சோலியா வந்தீக?"

சொன்னேன். அவர் கை நின்றது.

"எவ்வளவு எடுப்பீக?"

"ஒரு குப்பி."

"சோடாக் குப்பியா, மண்ணெண்ணெய்க் குப்பியா?"

சிரிப்பதற்காகக் கேட்டாரா, பயந்து கேட்டாரா என்று தெரியவில்லை. கையால் அளவு காட்டினேன். அவர் அந்த அளவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளக் கழிச்சு கடல் திறக்கு. அது தெரியுமா?"

"தெரியும்க்கா. கொடுத்தா உடனே முழுகக் கூடாது. அதையும் அண்ணாச்சிகிட்ட சொல்லிருங்க. கேட்டுட்டு யோசிச்சு வரட்டும்."

"சொல்லுதேன். எங்கண்ணன இப்பவே கீழவைப்பாருக்கு அனுப்புதேன். சொன்னாலும் வருவாக. வந்து கொடுத்துட்டு முழுகவும் செய்வாக. ரெண்டையும் நானே இப்பவே சொல்லிருதேன் ஒங்ககிட்ட."

பிறகு நேர்ச்சையின் கதையைச் சொன்னார். அவர்களுடைய மூத்த மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். கணவர் கோயிலுக்குப் போய், தன் மூச்சு இருக்கும்வரை ஒவ்வொரு ஆண்டும் கடல் திறக்கும் நாளில் தான் முழுகி எடுப்பது அத்தனையும் மாதாவுக்கு என்று சொல்லிவிட்டு வந்தார். பிள்ளை பிழைத்தாள். அந்தத் தெருவில் எல்லாரும் முதல் நாள் சங்கைக் கோயில் படியில் கொட்டி மந்திரித்து வாங்கிக்கொண்டுதான் சங்குக்குக் கூலி தரும் அரசாங்கக் கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். மற்றவர்கள் கிடைக்கும் கூலியில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். இவர் முழுவதையும் கொடுத்துவிடுவார். முதல் நாளில்தான் ஆள் படாத கடலடிப் பார்களில் சங்கு அதிகம் கிடைக்கும் என்பதையும் அந்த அக்காதான் எனக்குச் சொன்னார்.

"அந்தப் பிள்ளை இப்ப எங்கக்கா?"

"அந்தா, தண்ணிக்கு நிக்கா." தெருக் குழாயடியில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் குடத்தோடு நின்று யாருடனோ வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் நான் லேப் கதவைத் திறக்கப் போனபோது அவர் வாசலில் நின்றார். வெளுத்த வேட்டி, சட்டை. தண்ணீர் தொட்டுப் படிய வாரிய தலை. கழுத்தில் ஜெபமாலை. திருநாளுக்குக் கிளம்பி வந்தவர் போல இருந்தார். கூடவே அவருடைய மனைவியின் அண்ணன், கனத்த ஆள், தோளில் துண்டோடு நின்றார். சங்கு குளிப்பவர் இவரை மச்சான் என்று கூப்பிட்டார். நானும் இந்தக் கதையில் அப்படியே சொல்கிறேன். கடலில் முழுகும் குளியாள் கீழே போகும்போது மேலே வள்ளத்தில் அவரைத் தூக்கும் கயிற்றைப் பிடிப்பது மச்சான்தான். அந்தக் கரையில் வேறு யாரும் பிடிக்கமாட்டார்கள். தன் தங்கச்சியின் வாழ்வு அந்தக் கயிற்றின் நுனியில் இருப்பதால் அவன் அசந்துபோக மாட்டான் என்பது கணக்கு.

"சாப்பிட்டுட்டு வந்தீங்களா அண்ணாச்சி?"

"சேச்சே. நேத்து ராத்திரியிலேர்ந்து பச்சத்தண்ணிகூட படல." பெருமையாகச் சொன்னார்.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. கோயிலில் நன்மை என்னும் திவ்ய அப்பத்தை வாங்கப் போகிறவர்கள் இரவிலிருந்து பட்டினி கிடப்பது அவர்களுடைய பழைய ஒழுங்கு. இப்போது அவ்வளவு தேவையில்லை என்று சாமியார்களே சொல்லியும் அந்தத் தெருவில் பலர் விடவில்லை. ஓர் உயிருக்காக ரத்தம் கொடுப்பதும் அப்படிப்பட்ட பரிசுத்தமான காரியம் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, இரவெல்லாம் வள்ளத்தில் துடுப்பும் பாயுமாக வந்தவர், தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து நின்றார்.

"வெறும் வயித்துல எடுத்தா மயங்கி விழுந்துருவீங்க. போய் ஏதாச்சும் சாப்பிட்டுட்டு வாங்க."

"கொடுத்துட்டுச் சாப்பிடுதேன்."

"சாப்பிட்டாத்தான் எடுப்பேன்."

"நர்சம்மா, இது ஒரு உசுருக்காகக் கொடுக்கது. தின்னுபுட்டா வந்து கொடுப்பாக?"

மச்சான் குறுக்கே வந்தார். "ஏ மாப்ள, கோயில்ல சாமி தாரத வாங்கதுக்குப் பட்டினி கிட. சரி. இங்கன நீல்ல கொடுக்க? அந்தப் பிள்ள வாங்குது, அது கிடக்கு பட்டினியா. ஒனக்கு என்ன?"

அவர் யோசித்தார். இதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "அப்ப சாப்பிடலாமா?" என்று என்னைக் கேட்டார். எதிர்த்த கடையில் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தார். மச்சானும் சாப்பிட்டார், இரண்டு மடங்கு. "நான் கயிறு பிடிக்கவன். எனக்கும் தெம்பு வேணும்லா," என்றார்.

அதற்குள் டாக்டரம்மாவும் வந்துவிட்டார். நான் குளியாளுடைய ஹீமோகுளோபினைப் பார்த்திருந்தேன். எடுக்கலாம் என்ற அளவின் கரையில் நின்றது. அதைக் காட்டினேன். டாக்டரம்மா அவரை உட்காரவைத்து நேராகச் சொன்னார்.

"ஒங்க ஒடம்புல இருக்கதே கம்மி. அதுல ஒரு குப்பி எடுக்கப் போறோம். நாளைக்குக் கடலுக்குள்ள முழுகினா உள்ளயே மயக்கம் வந்துரும். மேல வரமாட்டீங்க. புரியுதா? வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"அந்தப் பிள்ளைக்கு வேற ஆளு உண்டா?"

"திருநெல்வேலிக்குச் சொல்லி அனுப்பியிருக்கு. இன்னும் தாக்கல் இல்ல."

"அப்ப எடுங்க."

"நாளைக்கு முழுகுவீங்களா?"

"நாளைக்கு உள்ளத நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

கட்டிலில் படுக்கவைத்துக் கையை நீட்டச் சொன்னேன். நான் அதுவரை பார்த்த நரம்புகளில் அதுதான் மிகத் தெளிவானது. தோலுக்கு மேல் கயிறு போலத் தெரிந்தது. ஊசி ஒரே தடவையில் இறங்கியது. குப்பியைக் கட்டிலுக்குக் கீழே தாழ்த்திப் பிடித்து, உறையாமல் இருக்க மெல்ல ஆட்டிக்கொண்டே நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அடியில் இருந்த தெளிந்த மருந்தில் முதல் சொட்டுகள் விழுந்து புகை போலச் சுழன்றன. பிறகு சிவப்பு மட்டம் ஏறத் தொடங்கியது. குப்பியின் கண்ணாடி என் உள்ளங்கையில் சூடேறியது. நூற்றுக்கணக்கான தடவை செய்த வேலைதான். அன்று அந்தச் சூடு ஏற ஏற நான் குப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"இதுல என்ன இருக்கு நர்சம்மா?" படுத்தபடி கேட்டார்.

"நாம இழுக்கிற மூச்சு நெஞ்சோட நின்னுராது அண்ணாச்சி. இந்தச் செவப்புத்தான் அத ஒடம்பு முழுக்கக் கொண்டுபோவுது."

"அப்ப மூச்சத்தான் எடுக்கீக."

"ஒரு வகையில ஆமா."

தலையைத் திருப்பினார். "கேட்டியா மச்சான். எம் மூச்சு அந்தப் பிள்ளைக்குப் போவுது."

"போறது போவட்டும். மிச்சத்த வச்சிக்கிட்டுச் சும்மா கிட."

அவர் சும்மா கிடந்தார். முகத்தில் வருத்தமோ பெருமையோ இல்லை. நல்ல செய்தி கேட்ட ஒருவருடைய முகம். மூச்சை வைத்துப் பிழைப்பவரிடம் அவருடைய மூச்சை எடுக்கிறோம் என்று நான் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டு அவர் சந்தோஷப்பட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரத்தம் ஏற ஏற அந்தப் பெண்ணின் உதடுகளை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அங்கே வேலை இல்லை; போகவும் முடியவில்லை. சுண்ணாம்பு நிறத்தில் இருந்த உதடு முதலில் ஓரத்தில் நிறம் மாறியது, பிறகு நடுவில். நகங்களைப் பார்த்தேன். அவற்றிலும் மெல்ல நிறம் வந்தது. இதற்கு இன்ன இன்ன காரணம் என்று என்னால் வரிசையாக எழுத முடியும். எழுதினாலும் நான் பார்த்தது அதற்குள் அடங்காது.

அவளுடைய கணவர் வராந்தாவில் குளியாளைக் கண்டுபிடித்துக் காலில் விழப் போனார். இவர் பதறிப் பின்னால் நகர்ந்தார்.

"எந்திரிங்க, எந்திரிங்க. என்ன காரியம் இது. நீரு கடல் தண்ணியக் காயவச்சுப் பிழைக்கீரு, நான் அதுக்குள்ள விழுந்து பிழைக்கேன். ரெண்டு பேருக்கும் ஒரே தண்ணிதான். காலப் பிடிக்க இதுல என்ன இருக்கு?"

அவரை வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தோம். போகவில்லை. மத்தியானம் லேப் வாசலில் மறுபடி வந்து நின்றார். அந்தப் பெண்ணுக்கு இன்னொரு குப்பி இருந்தால் நல்லது என்று யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்திருக்கிறது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே, "இன்னொண்ணு எடுத்துக்கிடுங்க," என்றார்.

நான் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து, கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். "அந்தப் பிள்ள இனி பிழைச்சுக்கிடும். இவரக் கொன்னு போட்டுட்டு நான் எந்தக் கோயில்ல போயி முழங்கால் போட? கூட்டிட்டுப் போங்க இவர."

மச்சான் அவர் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போனார். போகும்போது குளியாள் மறுநாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் டாக்டரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "அந்த ஆளு முழுகிருவாரு பிள்ள. கால டூட்டிக்கு வேற ஆளப் போடுதேன். நீ கரைக்குப் போ. நீ சொன்னாக் கேப்பாரோ என்னவோ."

விடிந்ததும் போனேன். கடல் கண்ணாடி போலக் கிடந்தது. வள்ளங்கள் கரையோரம் வரிசையாக நின்றன. குளியாட்கள் கோவணத்தோடு, காலை வைத்து இறங்கும் கல்லும் வலைப்பையுமாக அவரவர் வள்ளத்தின் பக்கத்தில் நின்றார்கள். பெண்களும் பிள்ளைகளும் மணலில் முழங்கால் போட்டிருந்தார்கள். பங்குச்சாமி ஒவ்வொரு வள்ளமாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போனார். ரத்தம் கொடுத்தவரும் நின்றார், கல்லோடும் பையோடும். முழங்கை மடிப்பில் நான் ஒட்டிய பிளாஸ்திரி இருந்தது.

நான் பக்கத்தில் போய்ச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஒங்க பேச்சத் தட்டணும்னு இல்ல நர்சம்மா. வருசம் முழுக்க எனக்குத்தான் முழுகுதேன். ஒரு நாள் மாதாவுக்கு. அந்த ஒரு நாளையும் நான் எடுத்துக்கிட்டா எப்படி?"

"உள்ள மயக்கம் வந்தா?"

"வந்தா அவ பாத்துக்கிடுவா."

அவருடைய மனைவியைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். சாமியார் கடைசி வள்ளத்துக்கும் தீர்த்தம் தெளித்து முடித்தார். ஆட்கள் வள்ளங்களைத் தள்ளத் தொடங்கினார்கள். இவர் கல்லை வள்ளத்தில் வைத்துவிட்டு ஏறப் போனார். அப்போது உள்ளே இருந்த மச்சான், கயிற்றை எடுத்துச் சுருளாகச் சுற்றி, பலகையில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"என்ன மச்சான்?"

"நான் பிடிக்கல."

"விளையாடாத. நேரமாவுது."

"யாரு விளையாடுதா? டாக்டரம்மா சொன்னது எனக்கும் கேட்டுச்சு. எந் தங்கச்சிய நான் தாலியோட ஒனக்குக் கொடுத்தேன். இந்தக் கயித்தப் பிடிச்சு அந்தத் தாலிய நானே அறுக்கணுமா?"

"நேர்ச்சைடே."

"தெரியும். நானும் அன்னைக்குக் கோயில்ல நின்னேன்லா."

"அப்ப வேற ஆளப் பிடிக்கச் சொல்லுதேன்."

"கேட்டுப் பாரு."

அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அடுத்த வள்ளத்தைப் பார்த்தார். அதில் கயிறு பிடிக்க இருந்தவர் குனிந்து வள்ளத்துக்குள் எதையோ தேடினார். அதற்கடுத்த வள்ளத்தைப் பார்த்தார். அங்கே இருந்தவர் கடலைப் பார்த்தார். மச்சான் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போது அவனுடைய கயிற்றை இன்னொருவன் தொடுவது அந்தக் கரையில் நடக்காத காரியம். அது அவருக்கும் தெரியும். வள்ளங்கள் ஒவ்வொன்றாக விலகிப் போயின. பாய்கள் விரிந்தன.

"மச்சான், நான் அவகிட்ட என்ன சொல்லுவேன்?" குரல் உடைந்திருந்தது. நேற்று ஊசி ஏறும்போதும் அந்தப் பெண்ணின் கணவர் காலில் விழப் போனபோதும் கலங்காதவர்.

"நீ ஒண்ணும் சொல்லாத. நான் சொல்லிக்கிடுதேன். எம் மாப்ள முழுக வந்து நின்னான், நான்தான் கயிறு பிடிக்கலன்னு சொல்லுதேன். பாவம்னா எந் தலையில இருக்கட்டும்."

அலை வந்து வந்து வள்ளத்தை ஆட்டியது. பிறகு அவர் கல்லை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு கரைக்கு நடந்து வந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியிருக்கலாம். அவர் உயிர் தப்பியாயிற்று, என் வேலை முடிந்தது. ஆனால் வள்ளங்கள் திரும்பும்வரை அங்கேயே இருந்தேன். வெயில் சாய்ந்த பிறகு ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. எல்லாரும் கோயிலுக்குப் போனார்கள். நான் கத்தோலிக்கர் இல்லை. பக்கவாசல் ஓரமாக நின்றுகொண்டேன்.

குளியாட்கள் வரிசையாக வந்து, வலைப்பையின் வாயை அவிழ்த்து, சங்குகளைப் பீடத்தின் படியில் கொட்டினார்கள். ஈரச் சங்குகள் கல்லில் உருளும் சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. சாமியார் ஒவ்வொரு குவியலுக்கு மேலும் சிலுவை வரைந்தார். அந்த வரிசையில் அவரும் நின்றார். காலையில் கொண்டுவந்த அதே வலைப்பை, காய்ந்து, கையில் தொங்கியது. வராமல் இருந்திருக்கலாம். வரவேண்டும் என்று யாரும் அவரிடம் எதிர்பார்க்கவில்லை. அவருடைய தகப்பனாரும் அவரும் முழுகத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் படிக்கு வெறும் பையோடு வந்ததில்லை என்று அவருடைய மனைவி எனக்குச் சொல்லியிருந்தார்.

அவருடைய முறை வந்தது. மற்றவர்கள் செய்தது போலவே பையின் வாயை அவிழ்த்தார். தலைகீழாகப் பிடித்தார். போன வருடத்து மணல் ஒரு சிட்டிகை படியில் விழுந்தது.

"இந்த வருசம் ஒண்ணுமில்ல தாயே," என்றார். சத்தமாகத்தான் சொன்னார். ஒளிக்க எதுவும் இல்லாதவர் பேசுகிற மாதிரி.

சாமியார் அவருடைய கையில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார். பிறகு, குவியல்களுக்கு மேல் வரைந்தது போலவே, அந்த மணலுக்கு மேல் நிதானமாகச் சிலுவை வரைந்தார். பின்னால் மச்சான் முழங்கால் போட்டிருந்தார். எல்லாரும் எழுந்து போன பிறகும் எழவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. சொல்லிக்கொள்கிறேன் என்று காலையில் சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

முந்தின நாள் ரத்தம் கொடுத்தது அவருக்கு எளிது என்பதை அப்போதுதான் பார்த்தேன். கையை நீட்டினார், கொடுத்தார். கொடுக்க வேண்டும் என்று அவர் ஆண்டு முழுக்கக் காத்திருந்தது வேறு ஒன்று. அந்தப் பெண்ணுக்காக அவர் விட்டது அதை. என் முழங்கால்கள் தாமாக மடிந்தன. அந்தக் கோயிலில் நான் முழங்கால் போட்டது அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகு பல வாரங்கள் அவர் கடலுக்குப் போகவில்லை. சத்து மாத்திரையும் முருங்கைக் கீரையும் சாப்பிட்டுக்கொண்டு லேப்புக்கு வருவார். விரலில் குத்திப் பார்ப்பேன். மச்சானும் கூடவே வருவார், அவருக்கும் அதுவரை வேலை இல்லை. "கயித்த எடுக்கலாமா நர்சம்மா?" என்று கேட்பார். "இன்னும் இல்லண்ணே," என்பேன். "சரி, இவனப் பாத்துக்கிட்டு இருக்கதும் ஒரு சோலிதான்," என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த வாரங்களில் அவர்கள் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஒருநாள் அளவு ஏறியிருந்தது. எடுக்கலாம் என்றேன். மச்சான் எழுந்து வாசலை நோக்கி நடந்தார். வள்ளத்தைத் தள்ளத்தான் போகிறார் என்று இவர் சிரித்தார்.

இப்போது இருக்கும் நிலைமை இது. அந்தப் பெண் நலமாக இருக்கிறாள். அவளுடைய மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். தாய்க்கு அடுத்த பிரசவம் வந்தாலும் ரத்தம் தேவைப்படலாம் என்று டாக்டரம்மா அவர்களிடம் சொல்லியிருக்கிறார். இந்த ஆண்டும் கடல் திறந்தது. குளியாள் முழுகினார், மச்சான் கயிறு பிடித்தார், முதல் நாள் எடுத்தது கோயிலுக்குப் போனது. நான் அதே லேப்பில் வேலை பார்க்கிறேன். அந்தப் பிரிவு ரத்தம் இன்றைக்கும் எங்களிடம் ஒரு குப்பிகூட இல்லை. ஊரில் எனக்குத் தெரிந்து அந்த ரத்தம் உள்ளவர் அவர் ஒருவர்தான்.